நீர்வீழ்ச்சியைப் பொதுச்சொத்தாக்கிய மனிதர்: சேர் அடம் பெக்

ஒன்ராறியோ மாகாணத்தில் வந்து குடியேறிய எம்மவர் இந்நாட்டில் முதன்முதலாகக் கற்றுக்கொள்ளும் சொற்களுள் ஹைட்ரோ என்பதும் ஒன்று. வீட்டு வாடகையோடு ஹைட்ரோவும் அடங்குமா என்று வீட்டுக்காரரிடம் கேட்கிறோம். மாத முடிவில் ஹைட்ரோ பில் வந்துவிட்டதா என்று வீட்டாரை வினவுகிறோம். கிரேக்க மொழியில் நீரைக் குறிக்கும் வேர்ச்சொல் அது. புதிதாக வந்தவர்கள் அதனைத் தண்ணீருக்கான கட்டணம் என்று எண்ணி மயங்குவதுண்டு. மின்சாரத்துக்கு நீரின் பெயர் எவ்வாறு வாய்த்தது என்று ஆராயப் புகுவோர், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன் மறைந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் வந்து நிற்பர். அவர் பெயர் சேர் அடம் பெக்.

அவர் பொறியியலாளரல்லர், சட்டம் கற்றவருமல்லர், சுருட்டுப் பெட்டி செய்து விற்ற வணிகர். எனினும், ரொறன்ரோவும் அதனைச் சூழவுள்ள பட்டணங்களும் தமக்கான மின்சாரத்தைத் தாமே உடைமையாகக் கொண்டு விநியோகிக்கும் ஏற்பாட்டை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் அவரே. அவருடைய வாழ்க்கை இரண்டு வினாக்களை எம்முன் வைக்கின்றது. இயற்கை தந்த வளம் சில கம்பனிகளுக்கு உரியதா, மக்கள் அனைவருக்கும் உரியதா என்பது முதலாவது. மக்களின் பெயரால் அவ்வளத்தைக் காப்பவரை யார் காவல் செய்வது என்பது இரண்டாவது. முதலாவது வினாவுக்கு அவர் தந்த விடை சிறந்தது. இரண்டாவதற்கு அவரிடம் விடை இருக்கவில்லை.

குடியேறிகளின் மைந்தர்

அடம் பெக் 1857ஆம் ஆண்டு யூன் மாதம் 20ஆம் நாள் ஒன்ராறியோவின் பேடன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை யேக்கப் பெக், தாய் சார்லற் ஹெஸ்பெலர் இருவரும் ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தையார் தாம் விட்டுவந்த பேடன் நாட்டின் பெயரையே புதிய ஊருக்கும் இட்டு, அங்கே வார்ப்பாலையும் மாவாலையும் நிறுவினார். பிறந்த மண்ணின் பெயரைப் புகுந்த மண்ணில் நட்டுவைப்பது குடியேறிகள் எல்லோருக்கும் பொதுவான இயல்பு போலும்.

அடம் பெக் பள்ளிப் படிப்பில் சிறந்தவராக விளங்கவில்லை. தந்தையின் வார்ப்பாலையிலேயே தொழில் பழகினார். 1879ஆம் ஆண்டு தந்தையின் தொழில் நொடித்துப் போயிற்று. இருபத்திரண்டு வயதான மகன் ரொறன்ரோவுக்கு வந்து எழுதுவினைஞராக வேலை பார்த்தார். பின்னர் 1881இல் கடனாகப் பெற்ற சிறு முதலைக் கொண்டு, உறவினருடன் கூட்டாகக் கோல்ற் என்னும் பட்டணத்தில் சுருட்டுப் பெட்டி செய்யும் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அத்தொழிலை ஒன்ராறியோவின் லண்டன் நகருக்கு மாற்றினார். அந்நகரம் அக்காலத்தில் சுருட்டு உற்பத்திக்குப் பெயர்பெற்றிருந்தது. தொழில் செழித்தது, செல்வம் சேர்ந்தது. குதிரையேற்றத்தில் பெருவிருப்புடைய அவர் 1898இல் ஹமில்ற்றன் நகரைச் சேர்ந்த லிலியன் ஒற்றவே என்பவரை மணந்தார். 1902 முதல் 1904 வரை லண்டன் மாநகர முதல்வராகப் பதவி வகித்தார். அதே 1902இல் பழைமைவாதக் கட்சியின் சார்பில் மாகாணச் சட்டமன்றத்துக்கும் தெரிவானார்.

நிலக்கரி இல்லாத மாகாணம்

அவர் அரசியலுக்குள் நுழைந்த ஆண்டே மாகாணத்தின் பெருங்குறை வெளிப்பட்ட ஆண்டாகவும் அமைந்தது. ஒன்ராறியோவில் நிலக்கரி இல்லை. வீட்டை வெப்பமூட்டவும் ஆலையை இயக்கவும் வேண்டிய நிலக்கரி அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து வந்தது. 1902இல் அங்குள்ள சுரங்கத் தொழிலாளர் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். நிலக்கரி அருகி, விலை ஏறியது. அயல்நாட்டுச் சுரங்கமொன்றில் வேலை நின்றால் தம் வீட்டு அடுப்பும் அணையும் என்பதை இம்மாகாணத்தார் அப்போது அனுபவித்து உணர்ந்தனர்.

மாகாணத்தின் தென்கோடியிலோ நயாகரா ஓயாது விழுந்துகொண்டிருந்தது. அதன் ஆற்றலை மின்வலுவாக்கித் தொலைதூரம் அனுப்பலாம் என்பது அதற்குள் நிரூபிக்கப்பட்டிருந்தது. ஆனால் கனடாக் கரையில் அவ்வாறு செய்யும் உரிமை மூன்று கம்பனிகளின் கைக்குப் போயிருந்தது. அவற்றுள் இரண்டு அமெரிக்க முதலாளிகளுக்குரியவை. மூன்றாவதை ரொறன்ரோவின் பெருஞ்செல்வர்களான வில்லியம் மக்கென்சி, ஹென்றி பெலற், பிரெடெரிக் நிக்கல்ஸ் ஆகிய மூவரும் 1903இல் நிறுவினர். ரொறன்ரோவின் ரயர்வண்டிப் பாதைகளும் மின்விளக்குக் கம்பனியும் அதே குழுவினரின் பிடியிலேயே இருந்தன. நீர்வீழ்ச்சியிலிருந்து வீட்டு விளக்கு வரையுள்ள வழி முழுவதும் சிலருடைய வழியாகிவிடும் நிலை தோன்றியது.

சிறு பட்டணங்களின் உற்பத்தியாளர்களுக்கு இதில் வேறொரு அச்சமும் இருந்தது. மலிவான மின்வலு ரொறன்ரோவுக்கு மட்டும் கிடைக்குமாயின் தம் ஆலைகள் மூடப்பட நேரும் என்று அவர்கள் அஞ்சினர். ஆகவே ஜேர்மன் வழிவந்தோர் நிறைந்திருந்த பேர்லின் பட்டணத்திலும் அதன் அயலிலும் 1902 முதல் கூட்டங்கள் நடைபெற்றன. இன்று கிச்சனர் என்று வழங்கும் நகரமே அன்றைய பேர்லின். ஸ்னைடர் என்னும் ஆலையதிபரும் டெற்வைலர் என்னும் வணிகரும் இவ்வியக்கத்தின் முன்னோடிகள். 1903 பெப்ரவரியில் அங்கு நடைபெற்ற பெருங்கூட்டத்துக்கு லண்டன் மாநகர முதல்வர் என்ற முறையில் அடம் பெக் சென்றிருந்தார். பிறர் தொடங்கிய இயக்கத்தில் பின்வந்து சேர்ந்தவர் அவர். எனினும் மிக விரைவில் அதன் தலைமை அவரிடமே வந்து சேர்ந்தது.

நகரங்களின் கூட்டு

1905 ஜனவரியில் நடைபெற்ற தேர்தலில் பழைமைவாதக் கட்சி வென்று, ஜேம்ஸ் விற்னி முதலமைச்சரானார். அடம் பெக் இலாகா இல்லாத அமைச்சராக நியமிக்கப்பட்டார். 1906ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒன்ராறியோ நீர்மின்வலு ஆணைக்குழுவை அமைக்கும் சட்டம் நிறைவேறியது. அதன் தலைவர் பதவியை ஏற்ற அடம் பெக், தாம் இறக்கும் வரை பத்தொன்பது ஆண்டுகள் அப்பதவியை வகித்தார்.

ஆணைக்குழுவின் அமைப்பு முறையை வாசகர்கள் விளங்கிக்கொள்வது நன்று. மாகாண அரசின் பிணையுடன் கடன் பெற்று மின்கடத்தும் கம்பிகளை நிறுவுவது ஆணைக்குழுவின் பணி. அதனிடம் மின்வலுவை மொத்தமாக வாங்கி வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் விநியோகிப்பது அந்தந்த நகரத்தின் பணி. விலையில் இலாபம் சேர்க்கப்படமாட்டாது. உற்பத்திச் செலவு, பராமரிப்பு, கடனுக்கான வட்டி, முப்பது ஆண்டுகளில் கடனை அடைத்து முடிப்பதற்கான ஒதுக்கீடு ஆகியனவே விலையாகும். ஒரு நகரம் தனித்து நின்று செய்ய முடியாததைப் பல நகரங்கள் கூடிச் செய்யலாம் என்பதே இதன் உட்பொருள். எமது ஊர்களின் கூட்டுறவுச் சங்கங்களை அறிந்தவர்களுக்கு இந்நெறி புதிதன்று.

ஒவ்வொரு நகரமும் இக்கூட்டில் சேர்வதற்குத் தன் வாக்காளரின் ஒப்புதலைப் பெறவேண்டியிருந்தது. 1907, 1908 ஆகிய ஆண்டுகளின் புத்தாண்டு வாக்கெடுப்புகளில் நகரத்துக்கு நகரம் மக்கள் ஆதரவளித்தனர். ரொறன்ரோ வாக்காளர் 1908இல் தமது சொந்த விநியோக அமைப்புக்கென 2.75 மில்லியன் டொலர் கடன் பெற அனுமதி வழங்கினர். மின்வலுவை முதலில் ஒன்ராறியோ பவர் கம்பனியிடமிருந்தே வாங்குவதென ஒப்பந்தமாயிற்று. ஒரு குதிரைவலுவுக்கு ஆண்டுக்கு 9 டொலர் 40 சதம் என்பது விலை.

எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. கனடாவின் கடன் மதிப்புக் கெட்டுவிடும் என்று பிரித்தானியாவின் பணச் சந்தையில் பிரசாரம் செய்யப்பட்டது. வழக்குகள் தொடரப்பட்டன, மாகாண அரசு அவ்வழக்குகளைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தை மத்திய அரசு செல்லாததாக்க வேண்டும் என்று ஒட்டாவாவுக்கு மனுக்கள் சென்றன. மத்திய அரசு தலையிட மறுத்தது. பொதுநலனுக்காயினும் நீதிமன்றத்தின் கதவைச் சட்டத்தால் அடைப்பது முறையா என்ற கேள்வி அன்றே எழுந்தது. அது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று.

1910 ஒக்ரோபர் 11ஆம் நாள் பேர்லின் பட்டணத்தில் நயாகராவின் மின்சாரம் முதன்முதலாக ஏற்றப்பட்டது. ஏறக்குறைய 300 மைல் நீளமான கம்பிகளில், 110,000 வோல்ற்று அழுத்தத்தில் மின்வலு வந்து சேர்ந்தது. முதலமைச்சர் விற்னி, தாமே விசையை அழுத்தாது, அடம் பெக்கின் கையைப் பற்றி அதனை அழுத்தச் செய்தார் என்பது வரலாறு.

ரொறன்ரோ மாநகரில்

ரொறன்ரோ மாநகரில் 1911 மே 2ஆம் நாள் மாநகர மண்டபத்தின் முன் மக்கள் திரண்டிருக்க, பொது மின்சாரம் ஒளிவிட்டது. இன்று பழைய மாநகர மண்டபம் எனப்படும் மணிக்கூட்டுக் கோபுரக் கட்டடமே அது. அன்று தோன்றிய ரொறன்ரோ ஹைட்ரோவுக்குத் தெருக்கள் வெறுமையாகக் கிடைக்கவில்லை. 1880களிலிருந்து இயங்கிவந்த மின்விளக்குக் கம்பனி தன் கம்பங்களுடன் அங்கே நிலைகொண்டிருந்தது. ஒரே நகரில் கம்பனியும் மாநகரமும் பத்தாண்டுக்கு மேலாகப் போட்டியிட்டன. பொது அமைப்பு விலையைக் குறைத்தபோது கம்பனியும் குறைக்க நேர்ந்தது. பொது அமைப்பின் வாடிக்கையாளரல்லாதோரும் அதனால் பயன்பெற்றனர். இறுதியில் 1920களின் தொடக்கத்தில் மக்கென்சி குழுவினரின் மின்வலு உடைமைகள் விலைக்கு வாங்கப்பட்டன. 1921இல் ரயர்வண்டிகள் மாநகரின் பொதுப் போக்குவரத்து ஆணைக்குழுவிடம் வந்தன. எம்மவர் நாளாந்தம் பயணம் செய்யும் ரீரீசீ அதன் வழித்தோன்றலே.

இங்கே ஒரு செய்தி நினைவுகூரத்தக்கது. சுற்றுலா செல்வோர் கண்டு வியக்கும் கஸா லோமா மாளிகை ஹென்றி பெலற் 1911 முதல் கட்டியது. அதனை வரைந்த கட்டடக் கலைஞர் லெனொக்ஸ் என்பவரே மாநகர மண்டபத்தையும், நயாகராவில் பெலற் குழுவினரின் மின் நிலையத்தையும் வரைந்தவர். தொண்ணூற்றெட்டு அறைகள் கொண்ட அம்மாளிகையைப் பெலற்றால் 1923க்குப் பின் வைத்திருக்க முடியவில்லை. வரிச் சுமை தாளாது வெளியேறினார். பின்னர் அதுவும் மாநகரத்தின் சொத்தாயிற்று.

நகரங்களோடு அடம் பெக் நின்றுவிடவில்லை. மின் இயந்திரங்களை வண்டிகளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்று கமக்காரருக்கு இயக்கிக் காட்டச் செய்தார். பால் கறக்கவும், தீனி வெட்டவும், நீர் இறைக்கவும் மின்சாரம் உதவும் என்பதை மக்கள் கண்ணால் கண்டனர். 1921இல் கிராமங்களுக்கான மின்கம்பிச் செலவில் பாதியை மாகாண அரசே ஏற்கும் சட்டம் வந்தது.

ஒரே மகள் மரியன் காசநோயால் பீடிக்கப்பட்டபோது, சிறந்த மருத்துவத்தைத் தேடிச் செல்லத் தம்மிடம் பொருள் இருந்தது. பொருளில்லாதவர் என் செய்வர் என்று அத்தம்பதியர் எண்ணினர். 1910இல் லண்டன் நகருக்கருகே காசநோயாளருக்கான மருத்துவமனை அவர்களுடைய முயற்சியால் திறக்கப்பட்டது. 1914இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது.

பெருங்கால்வாயும் பெருங்கடனும்

முதல் உலகப் போர்க் காலத்தில் ஆலைகளின் மின்வலுத் தேவை பெருகியது. வாங்கி விற்பது போதாது, தாமே உற்பத்தி செய்தல் வேண்டும் என்று அடம் பெக் துணிந்தார். 1917இல் ஒன்ராறியோ பவர் கம்பனியே வாங்கப்பட்டது. அதே ஆண்டில் குயின்ஸ்ரன் நீர்மின் நிலையத்தின் வேலை தொடங்கியது.

நீர்வீழ்ச்சியின் அடியில் நிலையம் அமைத்தால் நீர் விழும் உயரம் மட்டுமே பயன்படும். நீர்வீழ்ச்சிக்குக் கீழே நயாகரா ஆறு ஆழமான பள்ளத்தாக்கினூடே பல மைல் தூரம் மேலும் இறங்கிச் செல்கின்றது. ஆகவே வீழ்ச்சிக்கு மேலே சிப்பவா என்னுமிடத்தில் நீரைப் பிரித்து, கால்வாய் வழியே குயின்ஸ்ரன் வரை கொண்டுசென்று அங்கே விழச் செய்தால், ஏறக்குறைய 300 அடி வீழ்ச்சி கிடைக்கும். அதே நீர் இருமடங்குக்கு அண்மையான வலுவைத் தரும். இதற்கென வெலண்ட் ஆற்றின் ஒரு பகுதியின் ஓட்டத்தையே எதிர்த்திசைக்குத் திருப்பினர். உச்ச வேளையில் ஏறக்குறைய 10,000 தொழிலாளர் அங்கே உழைத்தனர். அவர்களுள் குடியேறிகள் பலர். பாறையைக் குடைந்த வேலையில் உயிர்நீத்தோரும் உளர். 1921 டிசெம்பர் இறுதியில் நிலையம் திறக்கப்பட்டபோது, அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய நீர்மின் நிலையமாகத் திட்டமிடப்பட்ட அமைப்பு அது.

ஆனால் தொடக்கத்தில் 10 மில்லியன் டொலர் அளவில் மதிப்பிடப்பட்ட செலவு முடிவில் 70 மில்லியனைத் தாண்டியது. திட்டம் இடையிடையே பெருப்பிக்கப்பட்டதும், போர்க்கால விலையேற்றமும் காரணங்கள். ஏறிச்சென்ற மதிப்பீட்டை உரிய வேளையில் அரசுக்கும் மக்களுக்கும் அடம் பெக் தெரிவிக்கவில்லை என்பதும் உண்மை.

கணக்குக் கேட்டோர்

1919 தேர்தலில் அடம் பெக் தமது தொகுதியில் தோல்வியுற்றார். கமக்காரர் கட்சி ஆட்சிக்கு வந்து, துரூரி முதலமைச்சரானார். எனினும் ஆணைக்குழுத் தலைமையிலிருந்து அடம் பெக்கை அகற்ற எவரும் துணியவில்லை. அவ்வளவுக்கு அவருடைய பெயரும் மின்சாரமும் ஒன்றாகிவிட்டிருந்தன.

பட்டணங்களை இணைக்கும் மின்சார ரயில் பாதைகளையும் பொதுவுடைமையில் அமைக்க அவர் பெரிதும் விரும்பினார். லண்டனிலிருந்து போர்ட் ஸ்ரான்லி செல்லும் பாதையை 1915இல் மின்மயமாக்கி வெற்றியும் கண்டிருந்தார். ஆனால் மோட்டார் வண்டிகளின் காலம் பிறந்துவிட்டது. அரசு அமைத்த விசாரணைக்குழு 1921இல் ரயில் திட்டத்தை நிராகரித்தது. அடுத்து 1922இல் கிறெகரி என்பவர் தலைமையில் ஆணைக்குழுவின் நிருவாகம் முழுவதையும் ஆராய இன்னொரு விசாரணைக்குழு அமைந்தது. பொதுமக்களின் மின்சார அமைப்பு சிறந்தது, பயனுள்ளது என்பதை அது ஏற்றுக்கொண்டது. தலைவரோ தம் விருப்பப்படி பணத்தை ஒதுக்கினார், அனுமதி பெறாது செலவிட்டார், சட்டமன்றத்தைப் பொருட்படுத்தாது நடந்தார் என்று குறை கண்டது. பொதுப் பணத்தால் தம்மைச் செல்வராக்கிக்கொண்டார் என்று எந்த விசாரணையும் கூறவில்லை.

இவ்விடத்தில் நாம் சிறிது நின்று சிந்தித்தல் தகும். கம்பனிகளை எதிர்த்து நின்ற பிடிவாதமே அவரை வெல்லச் செய்தது. அதே பிடிவாதம் கணக்குக் கேட்டவரையெல்லாம் கம்பனியின் கையாளாகக் கருதவும் செய்தது. நோக்கம் தூயதாயின் கணக்கு வேண்டியதில்லை என்று எண்ணும் தலைவர்களை எமது வரலாற்றிலும் கண்டிருக்கிறோம். கணக்குக் கேட்பவன் பகைவனாகிவிடுகின்றான். அவ்வாறு எண்ணியவருள் அடம் பெக் மிக நேர்மையானவர். இருந்தும் அவர் விட்டுச்சென்ற பழக்கம் நிறுவனத்தில் நீண்ட காலம் தங்கிவிட்டது. பின்னாளில் ஒன்ராறியோ ஹைட்ரோ என்று பெயர்மாறிய அந்நிறுவனம் அணுமின் நிலையங்களுக்கெனப் பெருங்கடன் பட்டது. 1999இல் அது பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது கடனும் பொறுப்புகளும் 38 பில்லியன் டொலர் அளவில் இருந்தன. மின்கடத்தும் பகுதியான ஹைட்ரோ வண்ணின் பங்குகள் 2015 முதல் சந்தையில் விற்கப்பட்டன. பொதுமக்கள் கணக்குப் பார்க்காத சொத்து கடனில் மூழ்குவதும், கடனில் மூழ்கிய சொத்து ஒருநாள் விலைபோவதும் வியப்பல்ல. ரொறன்ரோ ஹைட்ரோ மட்டும் இன்றும் மாநகரத்தின் முழு உடைமையாகவே இருக்கின்றது.

இறுதி நாட்கள்

1921இல் மனைவி லிலியன் காலமானார். 1923இல் அடம் பெக் மீண்டும் தேர்தலில் வென்று, பேர்குசன் அமைச்சரவையில் இடம்பெற்றார். ஆனால் கொடிய இரத்தச்சோகை நோய் அவரைப் பற்றியது. 1925ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் நாள், அறுபத்தெட்டாவது வயதில், லண்டன் நகரில் தம் இல்லத்தில் உயிர்நீத்தார். குயின்ஸ்ரன் நிலையத்துக்கு 1950இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

ரொறன்ரோவின் யூனிவேர்சிற்றி அவெனியூவில், குயின் வீதிச் சந்தியருகே, 1934இல் நிறுவப்பட்ட அவருடைய வெண்கலச் சிலை நிற்கின்றது. அதனை வடித்த எமானுவேல் ஹான் ஜேர்மனியில் பிறந்து இங்கு குடியேறிய சிற்பி. கனடாவின் 25 சத நாணயத்திலுள்ள கரிபூ மானின் உருவமும் அவர் கைவண்ணமே. குடியேறிகளின் மகனுக்குக் குடியேறி ஒருவர் சிலை வடித்தார். அச்சிலையைக் கடந்து வேலைக்கும் வழக்கறிஞர் அலுவலகங்களுக்கும் செல்வோருள் புதிய குடியேறிகளாகிய எம்மவரும் உளர்.

மின்சாரம் யார் கையில் இருக்கின்றது என்பது எவ்வளவு பெரிய காரியம் என எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 1990இல் வடபுலத்துக்கான மின் விநியோகம் நின்றபின், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் இன்று இந்நாடுகளில் பெற்றோராக இருக்கின்றனர். விசையைத் தட்டினால் விளக்கு எரிவது இயற்கையின் நியதி என்று அவர்கள் நம்புவதில்லை. யாரோ சிலர் கூடி, வாக்களித்து, கடன்பட்டு, வழக்காடி அமைத்த ஏற்பாடு அது. அகதி விண்ணப்பத்தின் முடிவை எதிர்நோக்கியிருப்பவரும் ஹைட்ரோ கட்டணத்தைச் செலுத்தும் நாள் முதல் அவ்வேற்பாட்டைத் தாங்குவோருள் ஒருவராகின்றார். நாளை வாக்குரிமை பெறும்போது அதன் உடைமையாளருள் ஒருவராகவும் ஆவார். மாநகர சபைத் தேர்தலில் வாக்களிக்கச் செல்வது வீண்வேலை என்று எம்மவர் பலர் எண்ணுகின்றனர். நயாகராவைப் பொதுச்சொத்தாக்கியவை அத்தகைய வாக்குகளே. அச்சொத்தின் கணக்கை ஆண்டுதோறும் கேட்டுப் பெறக்கூடியவர்களும் அவ்வாக்காளர்களே.